கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் கேரவனுக்கு ஏசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரவன், கேம்பர் வேன், ஆர்வி என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் கேள்வி ஒன்றுதான்: வெளியிலிருந்து கரண்ட் எடுக்க வழியில்லாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே ஏசி போட்டுத் தூங்க முடியுமா? முடியும். ஆனால் முதலில் ஏசியை வாங்கி மாட்டிவிட்டு, பிறகு அதற்கேற்ற பேட்டரியைத் தேடுபவர்களுக்குச் செலவு எங்கேயோ போய் நிற்கும். வண்டிக்குள் வரும் வெப்பத்தைக் குறைப்பது முதல் வேலை. ஓர் இரவுக்கு எத்தனை யூனிட் வேண்டும் என்று கணக்குப் போடுவது இரண்டாவது. ஏசி, பேட்டரி, பேனல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சோலாரை மட்டும் நம்பி ஏசி ஓட்ட முடியுமா?

எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதைப் பொறுத்தது. பகலில் ஏசி ஓடுவதற்குப் பேனல்தான் முக்கியம். நல்ல வெயிலில் பேனல் தருவதை ஏசி அப்படியே எடுத்துக்கொள்ளும், பேட்டரி சும்மா துணைக்கு இருந்தால் போதும். இரவில் ஓடுவது முழுக்க முழுக்கப் பேட்டரியைப் பொறுத்தது. இந்த இரண்டையும் தனித்தனியாக யோசிக்காமல் "என் வண்டிக்கு எவ்வளவு சோலார் வேண்டும்" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

வெப்பம் புகாதபடி தயார் செய்த சின்ன வண்டி, சின்ன இன்வெர்ட்டர் ஏசி (கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வகை), ஓரளவு பெரிய லித்தியம் பேட்டரி இருந்தால் இரவு முழுவதும் தாராளமாக ஓட்டலாம். பழைய பாணி கூரை ஏசியை வைத்துக்கொண்டு பகலும் இரவும் ஓட்டுவது வேறு கதை. அதற்கு வேண்டிய பேனல்களை வைக்க வழக்கமான கேரவன் கூரையில் இடமே இருக்காது.

ஏசி வாங்குவதற்கு முன் வண்டியில் என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். உள்ளே வராத வெப்பத்தை வெளியேற்றக் கரண்ட் தேவையில்லை. சூட்டைத் தடுக்காத வண்டியில் ஏசி ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

முதலில் கண்ணாடி. நேராக விழும் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் சக்தியைக் கொண்டுவருகிறது. முன்பக்கக் கண்ணாடி பெரியது, சாய்ந்திருப்பது. அது வெயிலைப் பார்த்து நின்றால் ஒரு சின்ன ஹீட்டரை உள்ளே போட்டு வைத்ததற்குச் சமம். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மூடுதிரையைக் கண்ணாடிக்கு வெளியே போடுவது நல்லது. உள்ளே போட்டால், கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு உள்பக்கத் திரையோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறைய. முன்கண்ணாடிக்கு மட்டுமாவது வெளியே போடுங்கள், வித்தியாசம் அன்று மாலையே தெரியும்.

அடுத்தது கூரை. கருப்பு நிறம் தன்மேல் விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்கை உறிஞ்சும். நல்ல வெள்ளைப் பூச்சு இரண்டு, மூன்று பங்கோடு நிறுத்திவிடும். சோலார் பேனலைக் கூரையோடு ஒட்டாமல் சில சென்டிமீட்டர் உயர்த்திப் பொருத்தினால் அதுவே கூரைக்கு நிழல். அடியில் காற்று ஓடுவதால் பேனலும் கொஞ்சம் குளிர்ந்து கூடுதலாக உற்பத்தி செய்யும்.

இன்சுலேஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலகைகளுக்கு நடுவே பஞ்சையோ ஃபோமையோ அடைத்துவிட்டு, வண்டியின் இரும்பு விலா எலும்புகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரும்பு வழியாக வெப்பம் சுலபமாக உள்ளே இறங்கிவிடும். அந்த விலாக்களின் மேலும் மெல்லிய ஃபோம் ஷீட்டையாவது ஒட்ட வேண்டும்.

கடைசியாக, உள்ளேயே உருவாகும் வெப்பமும் ஈரமும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அதைக் குறைக்க முடியாது. ஆனால் சமையலை வெளியே வைத்துக்கொள்ளலாம், ஈரத்துணியை உள்ளே காயப் போடாமல் இருக்கலாம். காற்றிலுள்ள ஈரம் ஏசியில் பட்டு ஒரு லிட்டர் தண்ணீராக வடிய வேண்டுமென்றால், ஏசியின் குளிர்ச்சியில் கிட்டத்தட்ட 0.7 யூனிட் அதற்கே போய்விடும். வேர்வையும் சமையல் ஆவியும் ஈரத்துண்டும் சேர்ந்து எவ்வளவு தின்னும் என்று இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

எத்தனை டன் ஏசி வாங்குவது?

ஏசி எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பதைப் பிடியு (BTU) என்ற அலகில் சொல்வார்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு. கேரவன்களில் வழக்கமாக வரும் கூரை ஏசி 13,500 அல்லது 15,000 பிடியு, அதாவது ஒரு டன்னுக்கு மேல். பெரிய, வெப்பத்தடுப்பு குறைந்த வண்டி உச்சி வெயிலில் நிற்கும்போதும் சமாளிக்க வேண்டும் என்று வைத்த அளவு அது. நன்றாக மூடி, கண்ணாடிகளை மறைத்த சின்ன வேனுக்கு அதில் பாதியே போதும்.

பெரிதாக வாங்கிவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஆன், ஆஃப் மட்டுமே தெரிந்த ஏசி பெரிதாக இருந்தால் சில நிமிடங்களிலேயே காற்றைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரம் இறங்குவதற்குள் நின்றுவிடுவதால் உள்ளே குளிரும் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும். ஒவ்வொரு முறை கம்ப்ரசர் எழும்போதும் பேட்டரிக்கு ஓர் இடி. அளவான இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக, நிற்காமல் ஓடும். குறைந்த வேகத்தில் ஓடும்போதுதான் அதன் செயல்திறன் அதிகம்.

கூரை ஏசி, ஸ்பிளிட் ஏசி, டிசி ஏசி: இதில் எது?

சாதாரண கூரை ஏசியின் வசதி அதைப் பொருத்துவதில் இருக்கிறது. பெரும்பாலானவை 14 அங்குலச் சதுரத் துளையில் உட்கார்ந்துவிடும், பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைக்கலாம். ஆனால் கம்ப்ரசர் ஓடும்போது 1,300 முதல் 1,800 வாட் வரை இழுக்கும், சத்தமும் அதிகம். இதே துளையில் உட்காரும் இன்வெர்ட்டர் வகைகளும் இப்போது கிடைக்கின்றன. ஏற்கெனவே கூரையில் துளை உள்ள பெரிய வண்டிக்கு அதுதான் என் முதல் பரிந்துரை.

வீட்டுக்கான முக்கால் டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி கரண்ட் சிக்கனத்தில் முன்னால் நிற்கிறது. அறை குளிர்ந்த பிறகு 300, 400 வாட்டில் சத்தமில்லாமல் ஓடும். கூரையும் பேனலுக்கு முழுதாகக் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், அது அசையாத சுவருக்காகச் செய்யப்பட்டது. வண்டி குலுங்கக் குலுங்கச் செம்புக் குழாய்களின் நட்டுகள் தளர்ந்து கேஸ் கசியும். வெளி யூனிட்டை அதிர்வு தாங்கும் ரப்பர் மேல் வைத்து, குழாயில் ஒரு சுற்று வளையம் விட்டு, வளையக்கூடிய ஹோஸ் சேர்த்துப் பொருத்தத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். வண்டியில் பொருத்தினால் வாரண்டி செல்லுமா என்பதையும் வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசி ஏசி பேட்டரியிலிருந்து நேரடியாக ஓடும், மின்மாற்றத்தில் ஏற்படும் இழப்பு மிச்சம். லாரி ஓட்டுநர்கள் இரவில் கேபினுக்குள் தூங்குவதற்காக வந்தவை இவற்றில் பல. அந்தச் சின்ன கேபினுக்குப் போதுமானது முழு கேரவனுக்குப் போதாது. விளம்பரத்தில் உள்ள பெரிய எண்ணைப் பார்க்காமல், எத்தனை வாட் இழுத்து எத்தனை பிடியு தருகிறது என்று பாருங்கள். ஒரு வாட்டுக்கு 10 பிடியு என்றால் பரவாயில்லை, 12க்கு மேல் என்றால் நல்லது. 500 வாட்டில் 10,000 பிடியு என்று யாராவது எழுதியிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள்.

இன்வெர்ட்டர் ஏசி வாங்கினால் தனியாக இன்வெர்ட்டர் வேண்டாமா?

வேண்டும். ஏசிக்குள் இருப்பது கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சர்க்யூட். பேட்டரியின் டிசியை வீட்டுக் கரண்ட்டாக மாற்றத் தனியாக ஒன்று தேவை, அதுவும் வீட்டுக் கரண்ட்டைப் போலவே சீரான அலையாகத் தரும் ப்யூர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். நேரடி டிசி ஏசிக்கு மட்டும்தான் இது தேவையில்லை.

ஓர் இரவுக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும்?

ஏசியின் சராசரி வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள், 1,000 ஆல் வகுத்தால் யூனிட். இன்வெர்ட்டரில் பத்து சதவீதம் போகும் என்று வைத்து 0.9 ஆல் வகுங்கள். லித்தியம் பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை காலி செய்யக் கூடாது என்பதால் மறுபடி 0.85 ஆல் வகுங்கள்.

சின்ன இன்வெர்ட்டர் ஏசி சராசரி 350 வாட்டில் 8 மணி நேரம் ஓடினால் 2.8 யூனிட். இழப்பைச் சேர்த்தால் 3.1 யூனிட். பேட்டரியின் கொள்ளளவு 3.7 யூனிட் வர வேண்டும். 12.8 வோல்ட் லித்தியத்தில் அது ஏறக்குறைய 290 ஆம்பியர் ஹவர். 300 வாங்கினால் சரியாக இருக்கும்.

இப்போது 1,400 வாட் இழுக்கும் பழைய கூரை ஏசி. இரவில் 60 சதவீத நேரம் கம்ப்ரசர் ஓடுகிறது என்று வைத்தால் சராசரி 840 வாட், 8 மணி நேரத்தில் 6.7 யூனிட். இழப்புகளோடு கணக்கிட்டால் கிட்டத்தட்ட 690 ஆம்பியர் ஹவர் பேட்டரி. ஏசியை மாற்றும் செலவை விடப் பேட்டரியைக் கூட்டும் செலவு அதிகமாகிவிடும் இடம் இதுதான். பழைய ஏசி நன்றாகத்தானே ஓடுகிறது, அதை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

லெட் ஆசிட் பேட்டரியென்றால் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது, எனவே கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும், எடையோ அதற்கும் மேலே போகும். ஏசி ஓட்டும் எண்ணம் இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு நேராகப் போய்விடுங்கள்.

பேனல் எத்தனை வாட் போடுவது?

மேலே சொன்ன சின்ன ஏசியையே எடுத்துக்கொள்வோம். இரவுக்கு 3.1 யூனிட். மதியம் 4 மணி நேரம் 500 வாட்டில் ஓடினால் இழப்போடு 2.2 யூனிட். ஃப்ரிட்ஜ், விளக்கு, ஃபேன், போன் எல்லாம் சேர்த்து ஒரு யூனிட். ஒரு நாளைக்கு 6.3 யூனிட்.

கூரையில் படுக்கைவாட்டில் வைத்த 1,000 வாட் பேனல், தெளிவான கோடை நாளில் 4 முதல் 5 யூனிட் தரும். அப்படியானால் 1,300 முதல் 1,600 வாட் வரை வேண்டும். இன்றைய பேனல்கள் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 வாட் தருகின்றன, அதனால் 6.5 முதல் 8 சதுர மீட்டர் கூரை தேவை. கூரை ஏசியும் காற்றுப்போக்கியும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் சின்ன வேனில் இது முடியாது. அந்த நிலையில் மதிய ஏசியைக் குறைப்பது, தரையில் விரிக்கும் பேனல் சேர்ப்பது, வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்றுவது ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும்.

பேனலில் அச்சிட்டிருக்கும் வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. கூரையில் வெயில் காயும்போது செல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறைவதால் 12 சதவீதத்துக்கும் மேல் அங்கேயே போய்விடும். ஏசி அதிகம் தேவைப்படும் நாளில்தான் பேனலும் சற்றுக் குறைவாகத் தருகிறது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜை ஒழுங்குபடுத்தும் கண்ட்ரோலர், பேனலிலிருந்து முடிந்த அளவு சக்தியை எடுத்துத் தரும் எம்பிபிடி (MPPT) வகையாக இருக்கட்டும்.

நிழலில் நிறுத்துவதா, வெயிலில் நிறுத்துவதா?

வெயிலில் நின்றால் பேனல் தரும், ஆனால் வண்டி சூடாகும். நிழலில் நின்றால் நேர்மாறாக நடக்கும். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் யோசிக்காமல் நிழலுக்குப் போங்கள். நாள் கணக்கில் ஒரே இடத்தில் தங்குவதாக இருந்தால், காலையில் வெயில் படும்படியும் மதியத்துக்குப் பின் மர நிழல் விழும்படியும் இடம் பாருங்கள். பகலின் பிற்பகுதிச் சூடுதான் இரவு வரை உள்ளே தங்குகிறது. தரையில் வைக்கும் பேனல் இருந்தால் வண்டியை நிழலிலும் பேனலை வெயிலிலும் வைக்கலாம். ஒரு பேனலின் ஓரத்தில் கிளை நிழல் விழுந்தாலே, வரிசையாகச் சேர்த்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் சரியலாம்.

ஏசி எழும்போது இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகிறது. ஏன்?

சாதாரண கம்ப்ரசர் நின்ற நிலையிலிருந்து எழும் அந்த நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சின்ன சாதனத்தை ஏசிக்குள் இணைத்தால் இந்த இழுப்பு பாதிக்கும் கீழே இறங்கும். சின்ன இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ வைத்திருப்பவர்களுக்கு இது அவசியம். ஓடும்போது ஆகும் செலவை இது குறைக்காது, தொடக்க இடியை மட்டும்தான் தணிக்கும். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாகவே எழுவதால் அதற்கு இது வேண்டாம்.

12 வோல்ட் போதுமா, 24 அல்லது 48க்குப் போக வேண்டுமா?

12 வோல்ட்டில் 2,000 வாட் எடுக்க வயரில் 170 ஆம்பியருக்கு அருகில் ஓட வேண்டும். 48 வோல்ட்டில் அது 42 ஆம்பியர். கரண்ட் நான்கில் ஒன்றாகும்போது அதே வயரில் சூடாகி வீணாவது பதினாறில் ஒன்றாகிவிடும். புதிதாகக் கட்டுகிறீர்கள், ஏசி நிச்சயம் என்றால் 24 அல்லது 48. ஏற்கெனவே 12 வோல்ட் வண்டி என்றால் அப்படியே தொடரலாம், ஆனால் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே வயர் தடிமனாகவும் நீளம் குறைவாகவும் இருக்க வேண்டும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே சரியான அளவில் ஃப்யூஸ் போடாமல் எதையும் இணைக்காதீர்கள். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், சாதாரண ஃப்யூஸ் அதை அறுத்து நிறுத்தாமல் போகலாம். அதற்கென்றே உள்ள கிளாஸ் டி (Class T) ஃப்யூஸை வாங்குங்கள்.

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஏற்றலாமா?

ஏற்றலாம், ஆல்டர்னேட்டர் (இன்ஜினோடு சுழன்று கரண்ட் தரும் பாகம்) தருவதை அளவாகப் பேட்டரிக்கு அனுப்பும் டிசி டு டிசி சார்ஜர் வழியாக மட்டும். 60 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு 0.7 யூனிட்டுக்கு மேல் சேர்க்கும். நான்கு மணி நேரப் பயணம் முடிந்து இறங்கும்போது இரவுக்கான கரண்ட் அநேகமாகத் தயார். லித்தியத்தை நேரடியாக இணைத்தால் அது கிடைத்ததையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும், முக்கியமாக வண்டி ஐடிலில் நிற்கும்போது.

ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாமா?

மேகமூட்டம் தொடர்ந்தால் உதவும். மலை ஏறினால் காற்று அடர்த்தி குறைவதால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய மூன்று சதவீதச் சக்தி குறையும். அதையும் சேர்த்து அளவைத் தேர்ந்தெடுங்கள். ஏசியை இரவெல்லாம் அதில் ஓட்டுவதைவிட, பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டிப் பேட்டரியை நிரப்பிக்கொள்வது சிக்கனம். அக்கம்பக்கத்தில் தங்கியிருப்பவர்களும் தூங்க வேண்டும்.

அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். ஜன்னலிலிருந்து தூரமாக, காற்று வண்டிப் பக்கம் தள்ளாத இடத்தில் வையுங்கள். படுக்கைக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஜெனரேட்டரைத் தொடவே வேண்டாம்.

ஏர் கூலர் போதாதா?

வறண்ட காற்று உள்ள இடத்தில் அருமையாக வேலை செய்யும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, ஃபேனுக்கு ஆகும் செலவு சொற்பம். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டும். ஈரமான காற்று உள்ள இடத்தில் தண்ணீர் ஆவியாகாது, புழுக்கம்தான் கூடும். கடலோரத்தில் தங்குபவர்கள் இதை மறந்துவிடலாம்.

ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏசி?

வேண்டாம். உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றையே எடுத்துத் தன் சூட்டோடு வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப இடுக்குகள் வழியாகச் சூடான காற்று உள்ளே வரும்.

எத்தனை டிகிரியில் வைப்பது?

26 அல்லது 27. கூடவே ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேன் உடம்பில் படும்படி ஓடட்டும். காற்று அசைந்தாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கும், செலவு 20, 30 வாட்தான். இன்னொரு நல்ல பழக்கம்: மாலையில் ஏசி போடுமுன் ஜன்னலைத் திறந்து, கூரை ஃபேனால் உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றுங்கள். கால் மணி நேரத்தில் அது செய்யும் வேலைக்கு ஏசி நிறையக் கரண்ட் தின்னும். படுக்கைப் பகுதியைக் கனமான திரையால் மறைத்து அதை மட்டும் குளிர்விப்பதும் நல்ல யோசனை. முன்பக்க ஓட்டுநர் இருக்கைப் பகுதியைக் குளிர்வித்து யாருக்கும் பயனில்லை.

நாயை உள்ளே விட்டுவிட்டு, ஏசி போட்டுப் போகலாமா?

கூடாது, குழந்தைகளை இன்னும் கூடாது. ஃப்யூஸ் போகலாம், பேட்டரி தன் பாதுகாப்புக்காகத் தானாக அணைந்துவிடலாம், பேனல் மேல் நிழல் வந்திருக்கலாம். வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். வெப்பநிலை ஏறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் உண்டு, ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அதுவும் இல்லை. செய்தி வந்தாலும் நீங்கள் திரும்பி வர எத்தனை நிமிடம் ஆகும் என்று யோசியுங்கள்.

பராமரிப்பு ஏதாவது உண்டா?

மண் சாலையில் போகும் வண்டியின் ஃபில்டர், வீட்டு ஏசியைவிட வேகமாக அடைத்துக்கொள்ளும். தங்கியிருக்கும்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். வெளிக் காயிலில் படிந்த தூசியை மெதுவாகத் தண்ணீர் அடித்து எடுங்கள், அழுத்தம் கூடினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். பேனலைத் துடைப்பதை அதிகாலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டாம். வண்டி சாய்ந்து நின்றால் ஏசியில் வடியும் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே சொட்டும், அதனால் நிறுத்தும்போதே மட்டம் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பிறகும் பேட்டரி முனைகளின் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். குலுக்கலில் அவை தளரும், தளர்ந்த முனையில் அதிகக் கரண்ட் ஓடினால் அந்த இடம் உருகும் அளவுக்குச் சூடாகும்.